தனியா, சின்ன ஹாலில் ராக் ஷோவுக்கு முதல் தடவை: எங்க நிக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

#1 கடைசிவரிசை

ரொம்பப் பிடிச்ச பேண்ட் ஒண்ணு சின்ன ஹாலில் வாசிக்கப் போகுது. இருநூறு பேர் நிக்கற இடம், நாற்காலி கிடையாது. கூட வர ஆள் இல்லை, கூட்டம்னாலே கூச்சம். டிக்கெட் மட்டும் எடுத்தாச்சு.

எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்? யார் கண்ணிலும் படாம, ஆனா பாட்டு நல்லாக் கேக்கற மாதிரி எங்க நிக்கறது? ஆடத் தெரியாது, சும்மா நின்னா ஒரு மாதிரியாப் பாப்பாங்களா? ரெண்டு பேண்டுக்கு நடுவுல இருக்கற நேரத்துல என்ன பண்றது? முடிஞ்சதும் பேண்ட் ஆளுங்ககிட்ட பேசலாமா?

"யோசிக்காம போய்ட்டு வாங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. விவரமா சொல்லுங்க.

#2 ஃபேடர்

இடத்திலிருந்து ஆரம்பிப்போம். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

உள்ளே நுழைந்ததும் மிக்ஸர் மேசை (சத்தத்தை ஏற்றி இறக்கும் கருவி இருக்கும் மேசை) எங்கே என்று பாருங்கள். சின்ன ஹாலில் பெரும்பாலும் பின்பக்கமாக, நடுவிலோ ஒரு சுவரை ஒட்டியோ இருக்கும். அதற்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். அவர் கேட்பது உங்களுக்கும் கேட்கும். மேசை நடுவில் இருந்தால் அவருக்கு மேடை தெரிய வேண்டும், அதனால் அரையடி பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். மேசை மேலே கோப்பை வைப்பவர்களை அவர் கடைசிவரை மன்னிக்க மாட்டார்.

முன்வரிசையில் நின்றால் பாடகர் குரல் ஏன் கேட்பதில்லை என்று பலருக்குப் புரிவதில்லை. குரல் வெளியே வருவது இரண்டு ஓரத்திலும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் வழியாக மட்டும். அவை முன்வரிசையின் தலைக்கு மேலே தாண்டிப் பின்னால் பார்த்து நிற்கின்றன. மேடை விளிம்பில் தரையில் கிடக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்கு; அது அவரைப் பார்த்திருக்கிறது, உங்களை அல்ல. ஆனால் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) நேரடியாக முகத்தில் அடிக்கும். சின்ன ஹாலில் சத்தத்தின் அளவை முடிவு செய்வது டிரம்மர்தான். டிரம்ஸில் ஸ்நேரையும் (சுரீரென்று வெடிக்கும் டிரம்) சிம்பலையும் (உலோகத் தட்டு) யாராலும் "குறைக்க" முடியாது. குரலை அதற்கு மேலே ஏற்ற வேண்டும். ஏற்றினால் மைக் ஃபீட்பேக் கொடுத்துக் கீச்சிடும். குரல் அமுங்கிக் கேட்டதுமே இன்ஜினியரைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கிட்டார் ஆம்ப் இன்னொரு கதை. 12 அங்குல ஸ்பீக்கரில் கீச்சுப் பகுதி (உயர்ந்த, கூர்மையான ஒலி) அகலமாகப் பரவாது, நேர்கோட்டில் போகும். வாசிப்பவர் ஆம்புக்கு நாலடி முன்னால் நிற்கிறார், ஆம்ப் அவர் முழங்காலைப் பார்க்கிறது. அவர் காதுக்கு மந்தமாகத் தெரிவதால் ட்ரெபிளை, அதாவது அந்தக் கீச்சை, ஏற்றி வைப்பார். அதே கோட்டில், மேடைக்குக் கீழே, உங்கள் காது சரியாக ஆம்பின் உயரத்தில் இருக்கும். ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதே என்றால் பக்கவாட்டில் இரண்டடி நகருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பேஸ் சத்தம் (கனத்த, தாழ்ந்த ஒலி) மூலையிலும் பின்சுவர் ஓரத்திலும் திரளும். கூச்சப்படுகிறவர்கள் தேடிப்போய் நிற்பதும் அதே மூலைதான். அங்கே நின்றால் "பூம்" மட்டும் மிச்சம். சுவரிலிருந்து ஓர் ஆள் தள்ளி வந்தாலே போதும். இரண்டு பக்கமும் சப்-வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) வைத்திருந்தால் ஹாலின் நட்டநடுக் கோட்டில், காலால் அடிக்கும் கிக் டிரம் நெஞ்சை உலுக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. பிடிக்காவிட்டால் கோட்டை விட்டு இரண்டு எட்டு நகருங்கள்.

முதல் பாட்டு கசகசவென்று கேட்டால் பயப்படாதீர்கள். சவுண்ட்செக் (ஷோவுக்கு முன் சத்தத்தைச் சரிபார்ப்பது) காலி ஹாலில் நடந்தது. இப்போது இருநூறு உடம்புகள் கீச்சு அலைவரிசைகளை உறிஞ்சுகின்றன. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சரிசெய்துவிடுவார்.

#3 டபுள்கிக்

ஃபேடர் சொல்றது சவுண்டுக்கு சரி. ஆனா சின்ன ஷோவுக்குப் போறதே டிரம்மரோட காலையும் பேஸ் வாசிக்கறவர் விரலையும் கைக்கெட்டற தூரத்துல பார்க்கத்தான். மிக்ஸர்கிட்ட நிக்கறதுக்கு வீட்டுலயே கேட்டுடலாமே?

கூச்சப்படறவங்களுக்கு என்னோட ஓட்டு: மேடையோட ஓரம், முன்வரிசை, சுவர் பக்கம், பேஸ் ஆம்ப் இருக்கற பக்கம். ஒரு தோள் சுவர்ல. முன்னால ஆள் கிடையாது. பின்னால இருக்கறவங்களுக்கு உங்க முதுகுதான் தெரியும், மூஞ்சி தெரியாது. தள்ளுமுள்ளு நடுவுலதான் நடக்கும், ஓரத்துக்கு அவ்வளவா வராது. எந்தப் பக்கம் பேஸ் ஆம்ப்னு பேண்டோட பழைய லைவ் வீடியோ ரெண்டு பாத்தா தெரிஞ்சுடும். பக்கம் மாறி நிக்கற பேண்டுகள் ரொம்பக் கம்மி.

ஒரே ஒரு விஷயம், அந்த ஓரத்துல பெரிய ஸ்பீக்கர் அடுக்கி இருந்தா அதுக்கு நேர் முன்னால நிக்காதீங்க. ஸ்பீக்கருக்கும் மேடைக்கும் நடுவுல, அதோட பின்பக்கமா ஒரு சந்து இருக்கும். அங்க.

#4 காதுகாவலன்

இடம் எதுவானாலும் காதில் சத்தம் குறைக்கும் பிளக் (காதடைப்பான்) இல்லாமல் போகாதீர்கள். டபுள்கிக் சொன்ன இடத்துக்கு இது இன்னும் அவசியம்.

கணக்கு இதுதான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் வகுத்த வரம்பு: 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் 30 நிமிடம், 100-இல் 15 நிமிடம், 103-இல் ஏழரை நிமிடம். சின்ன ஹால் ராக் ஷோ சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும். அதாவது ஒரு நாளைக்கான மொத்த அளவும் முதல் சில பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலையில்கூட 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் இடங்களிலும் மூன்று மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று மேலே உள்ள கணக்கே சொல்லும்.

பஞ்சு உருளை பிளக் (பருத்தி அல்ல, அழுத்தினால் சுருங்கி விரியும் ஃபோம்) மலிவு, மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பாக்கெட்டில் 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கும், அது ஆய்வகக் கணக்கு. நடைமுறையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியே போதும். 103-இலிருந்து 15 போனால் 88, அதாவது 4 மணி நேரம் தாங்கும்.

ஆனால் சரியாகப் போட வேண்டும். பல பேர் காது வாசலில் சொருகிவிட்டு "இது வேலையே செய்யல" என்கிறார்கள். கையைக் கழுவி, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிசான குச்சியாக உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் வளைந்திருக்கும் காதுக்குழாய் நேராகும். உள்ளே விட்டு விரல் நுனியால் 20 முதல் 30 விநாடி அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு விரிந்து நிரம்புவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். உடனே விரலை எடுத்தால் அது வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சரிபார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தித் திறந்து பாருங்கள். பொத்தினாலும் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம் என்றால் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. எதிரே நிற்பவருக்கு பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் பொருந்தவில்லை.

ஹாலுக்கு வெளியே, வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். இருட்டில், வியர்த்த விரலோடு, முதல் பாட்டு இடிக்கும்போது உருட்ட முடியாது. கழற்றும்போது மெதுவாகத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையில் அழுத்தம் விழும்.

டிஷ்யூ தாள், சாதாரணப் பஞ்சு இரண்டும் ஏமாற்று வேலை. சத்தம் குறைந்த மாதிரித் தோன்றும், போதுமான அளவு குறையாது.

#5 கடைசிவரிசை

பிளக் போட்டா பாட்டு தலையணைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்காதா? அதுவும் இல்லாம, போட்டுட்டு நின்னா பேண்டை அவமானப்படுத்தற மாதிரி ஆகிடாதா?

#6 மூன்றாம்கம்பி

அவமானமா? மேடையில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் காதில் ஏதாவது மாட்டியிருப்பார்கள், உற்றுப் பாருங்கள். காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போன மை ப்ளடி வாலன்டைன் பேண்ட் 2008-இல் மறுபடி சேர்ந்து வாசித்தபோது வாசலில் ரசிகர்களுக்கு பிளக் கொடுத்தே உள்ளே விட்டார்கள்.

முதல் கேள்வி நியாயமானது. பஞ்சு பிளக் கீச்சை அதிகமாகவும் பேஸைக் குறைவாகவும் வெட்டும். சிம்பல் செத்துப்போகும், குரலின் விளிம்பு மழுங்கும். இதற்காகவே வடிகட்டி வைத்த சிலிக்கான் பிளக் இருக்கிறது. எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபெல் வரை இறக்கும். பாட்டு அதே பாட்டாகவே இருக்கும், வால்யூம் மட்டும் குறைந்தாற்போல. அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் அதை வாங்குங்கள். காது அளவு எடுத்துச் செய்துதரும் வகையில் 9, 15, 25 டெசிபெல் என்று வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் ஷோவுக்கு அது வீண் செலவு. சிறிய காதுக்குழாய் உள்ளவர்கள் சின்ன அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். பெரியதைத் திணித்தால் அரைமணியில் வலி எடுக்கும்.

இன்னொன்று: பிளக் போட்டுக்கொண்டு கூடவே பாடினால் உங்கள் குரல் மண்டைக்குள் முழங்கும். பிளக் ஆழமாக உள்ளே போகப் போக அது குறையும்.

#7 காதுகாவலன்

வடிகட்டி பிளக் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சரியான அளவு கிடைக்காமல் பாதி தொங்கும் வடிகட்டி பிளக்கைவிட ஒழுங்காகப் போட்ட பஞ்சு பிளக் மேல். முதல் தடவை போகிறவருக்கு நான் பஞ்சைத்தான் சொல்வேன். பையில் இரண்டு ஜோடி. ஒன்று கீழே விழும், விழுந்ததை எடுத்துப் போடக் கூடாது.

மறுநாள் காதில் ரீங்காரம் இருந்தால் சத்தமில்லாமல் ஓய்வு கொடுங்கள், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். இரண்டு நாளைத் தாண்டினால் காது மருத்துவர். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

#8 கேஃபர்டேப்

நேரக் கணக்கு நான் சொல்றேன், அது மேடை வேலை பாக்கறவங்க விஷயம்.

டிக்கெட்ல பெரும்பாலும் கதவு திறக்கற நேரம்தான் போட்டிருக்கும், வாசிக்க ஆரம்பிக்கற நேரம் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல அரைமணியிலேருந்து ஒரு மணி. அப்புறம் முதல் பேண்ட் 20-30 நிமிஷம், மேடை மாத்த 15-30 நிமிஷம், ரெண்டாவது பேண்ட் அரைமணி, மறுபடி மாத்தல், கடைசியா உங்க பேண்ட் 45 நிமிஷத்துலேருந்து ஒண்ணேகால் மணி. மொத்தம் நின்னபடி மூணரை, நாலு மணி நேரம். அன்னிக்குக் காலையிலயே பேண்டோட பக்கத்துல இல்லேன்னா ஹாலோட பக்கத்துல யார் எத்தனை மணிக்குன்னு போட்டுடுவாங்க. போடலேன்னா மெசேஜ்ல கேளுங்க, பதில் வரும்.

கதவு திறந்ததும் போனா பத்துப் பேர் இருக்கற காலி ஹால். கூச்சப்படறவங்களுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. கடைசி பேண்டுக்கு மட்டும்னு லேட்டாப் போனா சுவர், தூண், ஓரம் எல்லாம் போயிருக்கும், நடுக்கூட்டத்தைப் பிளந்துட்டுப் போகணும். கதவு திறந்து அரைமணி கழிச்சுப் போங்க. நுழைஞ்சதும் கழிவறை, வெளியேறும் வழி, தண்ணி, மிக்ஸர், மெர்ச் மேசை (பேண்டோட டி-ஷர்ட், ஸ்டிக்கர் விக்கற இடம்) அஞ்சும் எங்கன்னு பாத்துக்கிட்டே ஒரு சுத்து. அது அஞ்சு நிமிஷம் ஓடிடும். வந்த வழி மட்டும்தான் வெளியேறும் வழின்னு நினைச்சுடாதீங்க, பச்சை விளக்கு எரியற இன்னொரு கதவைக் கண்டுபிடிங்க.

மேடை மாத்தற நேரம் போர் அடிக்கும்னு கேட்டீங்க. என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அடிக்காது. சவுண்ட்செக் தலைகீழ் வரிசையில நடக்கும். கடைசியா வாசிக்கற பேண்ட் சாயங்காலமே முதல்ல செக் பண்ணும், முதல்ல வாசிக்கற பேண்ட் கடைசியா பண்ணும், அப்பதான் அவங்க சாமான் மேடையில அப்படியே இருக்கும். டிரம்ஸ் கிட் பெரும்பாலும் ஒண்ணுதான், எல்லாருக்கும் பொது. ஆனா ஒவ்வொரு டிரம்மரும் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மூணும் சொந்தமா கொண்டுவந்து மாட்டுவார். அப்புறம் ஸ்டூல் உயரத்தை மாத்துவார், அதுக்குத்தான் நேரம் ஆகும். கிட்டார் ஆளுங்க பெடல்போர்டை (கிட்டார் ஒலியை மாத்தற கால் பெடல்கள் இருக்கற பலகை) வெச்சு கேபிள் மாட்டறதைப் பாருங்க, என்னென்ன பெடல் வெச்சிருக்கார்னு முன்வரிசையிலேருந்து நல்லாத் தெரியும். ஒவ்வொரு டிரம்மா ஒருத்தர் தட்டுவார், மைக்ல "செக், செக்" வரும். அதுக்கப்புறம் ஒருத்தர் கையில தாளோட வந்து செட்லிஸ்டை (வாசிக்கப் போற பாட்டு வரிசை) டேப் போட்டுத் தரையில ஒட்டுவார். அது ஒட்டியாச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல ஆரம்பம். கழிவறைக்குப் போக அது நேரம் இல்லை.

முதல் பேண்டைத் தவறவிடாதீங்க. அவங்க வாசிக்கும்போது கூட்டம் கம்மி, எங்க நின்னா எப்படிக் கேக்குதுன்னு நடந்து பாத்துக்கலாம்.

#9 சுவரோரம்

யாரும் இதைச் சொல்லலையே: ராக் ஷோவில் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள், விளக்கும் மேடையில்தான். கல்யாண மண்டபத்தில் தனியாக நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தனியாக வருகிறவர்கள் ஒவ்வொரு சின்ன ஷோவிலும் இருப்பார்கள். தூண் ஓரத்தில், மிக்ஸர் பக்கத்தில் நிற்பவர்களில் பாதி அவர்கள்தான்.

ஆட வேண்டியதில்லை. தலையை லேசாக ஆட்டினாலே அது முழு வருகைப்பதிவு. கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை, இசை வாசிப்பவர்கள் ரசிகராக வரும்போது எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டுங்கள், அது ஒன்றுதான் எதிர்பார்ப்பு.

கை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் ஒரு தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொள்வது பழைய வழி. ஜாக்கெட்டைக் கையில் மடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று மணி நேரம் சுமை. இடுப்பில் கட்டுங்கள் அல்லது பொருள் காப்பறை இருந்தால் கொடுத்துவிடுங்கள். முதுகுப்பை வேண்டாம். நீங்கள் திரும்பும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் நெஞ்சில் இடிக்கும், நீங்கள் தவிர்க்க நினைக்கும் பேச்சு அங்கேதான் தொடங்கும். குறுக்குப் பட்டை போட்ட சின்னப் பை, முன்பக்கமாக.

முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும், புழுக்கமான ஹாலில் மயங்கியே விழுவதும் உண்டு. கெண்டைக்கால் தசை வேலை செய்ய வேண்டும். தாளத்துக்குக் குதிகாலைத் தூக்கி இறக்கினால் போதும், பார்ப்பவருக்கு ரசிப்பது மாதிரியும் இருக்கும்.

#10 கடைசிவரிசை

கொஞ்சம் தைரியம் வருது. கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தரை ஒருத்தர் மோதி ஆடுவாங்களே, இந்த மோஷ் பிட்? வீடியோவுல பாத்தா அடிதடி மாதிரி இருக்கு. தெரியாம உள்ள மாட்டிக்கிட்டா?

#11 டபுள்கிக்

தெரியாம மாட்டிக்க மாட்டீங்க, முன்னாலயே தெரியும். நடுவுல, மேடையிலேருந்து ரெண்டு மீட்டர் தள்ளித்தான் திறக்கும். பாட்டு மெதுவாகி, கிட்டார் மட்டும் ஒத்தையா ஒலிக்கும்போது நாலு பேர் கையை அகட்டி பின்னால தள்ளுவாங்க. வட்டமா ஒரு காலி இடம் வரும். அந்தக் காலி இடத்தைப் பாத்து "அட, முன்னால போகலாமே"ன்னு உள்ள போனீங்கன்னா தொலைஞ்சீங்க. டிரம்ஸ் திரும்ப விழற நொடியில எல்லாரும் உள்ள பாய்வாங்க.

விளிம்புல நின்னுட்டீங்கன்னா: உடம்பைப் பக்கவாட்டாத் திருப்பி, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன, முழங்கையை மடிச்சு கை நெஞ்சுக்கு முன்னால, உள்ளங்கை விரிச்சு. வர்றவங்களைத் தாங்கி மெதுவாத் திருப்பி விடுங்க, எட்டி உதைக்காதீங்க. விட்டு விலகணும்னா பின்னால நேரா போகாம குறுக்கா, ஓரத்தைப் பாத்து நகருங்க. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல நீளமா ஒரு பாதை தெரிஞ்சா உடனே வெளிய வந்துடுங்க, ரெண்டு பக்கமும் ஓடிவந்து மோதப் போறாங்க.

அடிதடி இல்லை அது. யாராவது விழுந்தா சுத்தி இருக்கறவங்க அந்த நொடியே தூக்கி விடுவாங்க, அது எழுதாத சட்டம். ஷூ, கண்ணாடி கீழ கிடந்தா ஒருத்தர் கையில பிடிச்சு மேல தூக்கிக் காட்டுவார். லேஸை ரெட்டை முடிச்சு போடுங்க. கண்ணாடி போடறவங்க பின்பட்டை மாட்டிக்கலாம்.

சும்மா ஒரு தகவல்: கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வீடியோக்களை வெச்சு 2013-இல் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல ஒரு கட்டுரையே போட்டாங்க. பிட்டுக்குள்ள ஆளுங்க மோதி நகர்ற வேகம் வாயு மூலக்கூறு நகர்ற கணக்கோட ஒத்துப் போகுதாம்.

#12 நிலாக்கிட்டார்

டபுள்கிக், பிட் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பிட்டைவிட ஆபத்து அசையாமல் இறுகும் கூட்டம். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பம். எண்ண முடியாது, அதனால் அடையாளம்: இரண்டு தோளிலும் எப்போதும் ஆள் உரசுகிறார்கள், கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு அப்போதே கிளம்ப வேண்டும். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சுக்கு முன்னால் கையை மடித்து வைத்து மூச்சுக்கு இடம் விட்டுக்கொண்டே குறுக்காக நகருங்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு: ஃபேடர் சொன்ன மிக்ஸர் பக்கம் இன்னொரு காரணத்துக்கும் நல்ல இடம். அங்கே எப்போதும் ஹால் ஆள் ஒருவர் விழித்துக்கொண்டு இருக்கிறார், மேசையில் சின்ன விளக்கும் எரியும். யாராவது வேண்டுமென்றே உரசினால், பின்னாலேயே வந்தால், சத்தத்தில் வாதாட வேண்டாம். வாசல் காவலரிடமோ கவுண்டரிலோ மிக்ஸர் ஆளிடமோ போய், அந்த ஆள் போட்டிருக்கும் சட்டையின் நிறம், நிற்கும் இடம் இரண்டையும் சொல்லுங்கள். பேசக் கூச்சமாக இருந்தாலோ காதில் விழாவிட்டாலோ ஃபோனில் பெரிய எழுத்தில் டைப் செய்து நீட்டுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். வீடு திரும்பும் வண்டியை ஷோ முடிவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். சார்ஜ் பாதியாவது மிச்சம் இருக்கட்டும்.

#13 சுவரோரம்

புகை இயந்திரம், மினுக்கு விளக்கு இரண்டும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை முன்பாக்கெட்டில் வையுங்கள், மேடைக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். வலிப்பு வரக்கூடியவர்கள் ஸ்ட்ரோப் (வேகமாக மினுக்கும் விளக்கு) உண்டா என்று ஹாலிடம் முன்கூட்டியே கேளுங்கள். நொடிக்கு 3 முதல் 30 தடவை மினுக்குவதுதான் தொல்லை. எதிர்பாராமல் ஆரம்பித்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி முகத்தைத் திருப்புங்கள். இரண்டு கண்ணையும் இறுக மூடினால் தீராது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும்.

#14 மூன்றாம்கம்பி

ஃபோனில் வீடியோ எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எப்போதும் சண்டை. ஒரு பாட்டு எடுங்கள், உள்ளே வையுங்கள். முன்வரிசையில் எடுத்தால் மைக் தாங்காது, கரகரவென்று உடைந்த சத்தம்தான் பதிவாகும். மிக்ஸர் பக்கத்தில் நின்று, மைக் ஏற்ற அளவைக் கையால் குறைக்க அனுமதிக்கும் செயலியில் பாதிக்கும் கீழே இறக்கி எடுத்தால் கேட்கிற மாதிரி இருக்கும். திரை வெளிச்சத்தை முழுக்கக் குறையுங்கள். தலைக்கு மேலே தூக்காமல் கண் உயரத்தில் பிடியுங்கள். ஃப்ளாஷ் அணைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

#15 ஃபேடர்

"ஒரு பாட்டு" என்பதே தாராளம்.

#16 மூன்றாம்கம்பி

சின்ன பேண்டுக்கு அந்த ஒரு வீடியோதான் இலவச விளம்பரம், ஃபேடர். எடுக்கட்டும்.

#17 கேஃபர்டேப்

சண்டை போதும். பேண்ட்கிட்ட பேசறதைப் பத்தி யாரும் இன்னும் பதில் சொல்லலை.

கடைசிப் பாட்டு முடிஞ்ச உடனே போய்ப் பேசாதீங்க. அடுத்த 15-20 நிமிஷம் அவங்க வேலை நேரம். கேபிள் சுருட்டணும், டிரம்ஸ் பிரிக்கணும், ஹால் ஆளு சீக்கிரம் சீக்கிரம்னு நிப்பாரு. அதெல்லாம் முடிச்சுட்டு அவங்களே மெர்ச் மேசைக்கு வருவாங்க, பல பேண்டுகள்ல விக்கறதே அவங்கதான். அதனால மெர்ச் மேசைதான் பேசறதுக்கான இடம், அதுக்கு ஒரு காரணமும் கையில இருக்கு: ஏதாவது வாங்கறது.

அளவு பாத்து வாங்கணும்னா கடைசி பேண்டுக்கு முன்னாடி வாங்குங்க, நடுத்தர அளவு முதல்ல தீரும். பேசணும்னா கடைசியில வாங்குங்க. டி-ஷர்ட்டை மேசையில விரிச்சு உங்க சட்டை மேல வெச்சுப் பாக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சில்லறைப் பணம் வெச்சுக்கோங்க. தரைக்குக் கீழ இருக்கற ஹால்ல சிக்னல் இருக்காது, ஃபோன் வழியாப் பணம் கட்டறது சுத்திக்கிட்டே இருக்கும், பின்னால வரிசை நிக்கும். கூச்சப்படறவங்களுக்கு அதுதான் நரகம். டிக்கெட் பணத்துல பேண்ட் கைக்கு வர்றது கொஞ்சம்தான். ஒரு ஸ்டிக்கர், ஒரு பேட்ஜ் வாங்கினாக்கூட அது பெரும்பாலும் நேரா அவங்களுக்குப் போகும். இசைத்தட்டு வாங்கினா கடைசியா வாங்குங்க, கூட்டத்துல வளைஞ்சுடும்.

என்ன பேசறது? "சூப்பர்"னு நூறு பேர் சொல்லுவாங்க, அவங்களும் "தேங்க்ஸ்"னு முடிச்சுடுவாங்க. குறிப்பா ஒண்ணு சொல்லுங்க: மூணாவது பாட்டுல எல்லாம் நின்னு பேஸ் மட்டும் தனியாப் போச்சே, அது ரெக்கார்டுல இல்லையே, புதுசா சேர்த்தீங்களா? கிட்டார்காரர்கிட்ட அந்த ஓரத்துப் பெடல் என்னன்னு கேட்டா நீங்க அப்புறம் வாயே திறக்க வேண்டாம், அவரே பேசிக்கிட்டு இருப்பார். பாடகர்கிட்ட மட்டும் ரெண்டு வரியோட நிறுத்துங்க, தொண்டை காஞ்சு போயிருக்கும். எல்லாருக்கும் காது மந்தமா இருக்கும், நேரா முகம் பாத்து நிதானமாப் பேசுங்க.

முதல்ல வாசிச்ச பேண்ட் ஆளுங்ககிட்ட பேசிப் பழகறது இன்னும் சுலபம். அவங்க வாசிச்சு முடிச்சு அரைமணியில ஹாலுக்குள்ளயே சும்மா நிப்பாங்க, சுத்தி யாரும் இருக்க மாட்டாங்க.

#18 கடைசிவரிசை

கடைசியா ரெண்டு சந்தேகம். பேண்ட் உள்ள போய்ட்டா முடிஞ்சுதா, திரும்ப வருவாங்களான்னு எப்படித் தெரியும்? அப்புறம் அந்த செட்லிஸ்ட் தாளைக் கேட்டா தருவாங்களா?

#19 ஃபேடர்

மேடையைப் பாருங்கள். ஹால் விளக்கு எரியவில்லை, ஆம்பில் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது, கிட்டார் தாங்கியில் இருக்கிறது என்றால் திரும்ப வருவார்கள். ஹால் விளக்கு எரிந்து, ஸ்பீக்கரில் வேறு ஏதாவது பாட்டு ஓடத் தொடங்கினால் முடிந்தது. அந்தப் பாட்டைப் போடுவதே என்னைப் போன்ற சவுண்ட் இன்ஜினியர்தான். போட்ட பிறகு யார் கத்தினாலும் ஒன்றும் நடக்காது. சின்ன ஹாலில் உள்ளே போக வழியே இல்லாமல் டிரம்ஸ் பின்னால் குனிந்து நின்றுவிட்டு வரும் பேண்டுகளும் உண்டு, அப்போது சிரிக்கலாம்.

#20 கேஃபர்டேப்

தாளைத் தருவாங்க, கேட்டா போதும். ஆனா நீங்களா மேடை மேல கை நீட்டி எடுக்காதீங்க. அது பக்கத்துலயே பெடல்போர்டு இருக்கும், ஆம்ப் இன்னும் ஆன்ல இருக்கும், ஒரு கேபிளை இழுத்துட்டீங்கன்னா ஹாலே அதிரும். டிரம்மர் சிம்பலைக் கழட்டற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் மேடையில கேபிள் சுருட்டற ஆளோட கண்ணைப் பாத்து, தரையில இருக்கற தாளைக் கைகாட்டுங்க. பேசவே வேண்டாம், அவருக்குப் புரியும். நாலு ஓரத்துலயும் டேப் ஒட்டியிருக்கும், அவரே கிழியாம உரிச்சுக் குடுப்பார். டேப்போட அப்படியே நாலா மடிச்சுடாதீங்க, வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பசை பக்கத்தை உள்பக்கமா மடக்கி விட்டுட்டுச் சுருட்டி எடுத்துட்டுப் போங்க.